தினம் ஒரு செம்புத் தண்ணீர்

அரசங்கன்றுக்குத் தினம் ஒரு செம்புத் தண்ணீர் போதும். ஆர்வக் கோளாறில் குடம் குடமாக ஊற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அத்தனையும் வழிந்து ஓடிவிடும். ஒரே நேரத்தில், ஒரே அளவில், விடாமல் ஊற்ற வேண்டும். மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

இன்ஸ்பெக்டர் கமர் ஜஹான் அம்மா அவர்களுக்கு, காகிதமும் பேனாவும் கொடுத்ததற்கு நன்றி. நான் வாயால் சொல்லி நீங்கள் எழுதினால் ஏதாவது விட்டுப்போகும், அதனால் நானே எழுதுகிறேன். பெயர் அழகிரி. வயது எழுபத்திரண்டு. திருச்சியில் ஒரு பழைய கல்லூரியில் இருபத்தெட்டு வருடம் கட்டட ஓவர்சியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேலப்புலிவார்டு ரோட்டுக்கு உள்ளே கொத்தளச் சந்தில் குடியிருக்கிறேன். போன கார்த்திகை மாதம் அந்தச் சந்தின் கோடியில் கொத்தளம் சரிந்து பக்கத்து வீட்டின் மேல் விழுந்தது சம்பந்தமாக வந்திருக்கிறேன். மழையால் விழுந்தது என்று உங்கள் கோப்பில் இருக்கிறது. அந்த வீட்டுப் பெண் ஜோதி மூடநம்பிக்கையால் வளர்த்த அரச மரத்தால் விழுந்தது என்று பேப்பரில் போட்டிருக்கிறார்கள். இரண்டும் தவறு. தவறான தகவலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது என் சுபாவம் இல்லை. அந்த வீட்டில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதை அதன் இடத்தில் எழுதுகிறேன். வரிசைப்படி சொல்வதுதான் முறை.

கோட்டை மதிலை வெள்ளைக்காரன் இடித்து அகழியைத் தூர்த்தபோது தப்பிப் பிழைத்த ஒரு துண்டு எங்கள் சந்தில் நிற்கிறது. இருபதடி நீளத்துக்கு மதில், அதன் முனையில் ஒரு வட்டக் கொத்தளம். முப்பதடி உயரம். வெளியே கருங்கல், உள்ளே செங்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் கொட்டி இறுக்கியது. கீழே ஓர் இரும்புக் கதவு, உள்ளே நாற்பத்தோரு படி, மேலே தட்டையான தளம். தளத்தில் நின்றால் ஒரு பக்கம் மலைக்கோட்டை, திரும்பினால் காவிரிக்கு அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்து ராஜகோபுரம். காலை வெயிலில் அங்கே நிற்பதற்கு ஈடாக எதையும் நான் அனுபவித்ததில்லை.

தொல்லியல் துறைக்காரர்களுக்கு இந்தச் சின்னக் கொத்தளத்துக்கென்று ஒரு காவலாளியை வைக்க முடியவில்லை. கட்டடம் தெரிந்தவன், பக்கத்திலேயே இருக்கிறவன் என்று 1999-இல் என்னிடம் சாவியைக் கொடுத்தார்கள். திண்டுக்கல் பூட்டு, விரல் நீளச் சாவி. பதின்மூன்று வருடம் அது என் இடுப்பில் இருந்தது. கல்லூரி மாணவர்கள், வெளியூர்க்காரர்கள், சமயத்தில் வெளிநாட்டுக்காரர்கள் வருவார்கள். "ஓவர்சியர் சார் வீடு எது?" என்று சந்து முனையிலேயே கேட்டுக்கொண்டு வருவார்கள். கதவைத் திறந்துவிட்டு ஒவ்வொன்றாகக் காட்டுவேன். மேற்குப் பக்கம் ஆள் உயரத்தில் ஒரு பொந்து இருந்தது. அது பீரங்கிக் குண்டு பட்ட இடம். நான் அளந்து பார்த்தவன்.

கொத்தளத்தின் மேற்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல ஜெயக்குமாரின் வீடு. பாலக்கரையில் வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கும் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா காலத்தில் அங்கே மாடு கட்டியிருந்தார்கள். பிறகு அதை வீடாக்கிவிட்டார்கள். பின்னறைக்குத் தனியாகச் சுவர் கிடையாது, கொத்தளம்தான் சுவர். கோட்டைக்கு ஆணி அடித்துக் காலண்டர் மாட்டியிருந்த குடும்பம் அது. அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன்.

2012 ஜனவரியில் ஒரு கூட்டம் வந்தது. துறை அதிகாரி ஒருவரும் கூட இருந்தார். பொந்தைக் காட்டி நான் பேசிக்கொண்டிருந்தபோது ஜெயக்குமார் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

"சார், குண்டும் இல்ல ஒண்ணும் இல்ல. எங்கப்பா மாட்டுக் கொட்டாய்க்கு உத்திரம் சொருகின பொந்து அது. பெரியவரு நல்லாக் காதுல பூ சுத்துவாரு, கேட்டுட்டே இருங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். நோட்டில் குறிப்பு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெண், எழுதிய வரியை அடித்தாள். அந்தப் பேனா காகிதத்தில் போன சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. என் மனைவி மயிலம்மாள் காலமாகி அப்போது நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. எனக்கென்று இருந்தது அந்தக் கதவு ஒன்றுதான்.

அடுத்த மாதம் அதிகாரி வந்து சாவியைக் கேட்டார். "கதவு ஜெயக்குமார் வாசல்லயே இருக்குங்க. வயசான காலத்துல நீங்க எதுக்கு அலையணும்? அவரே தெறந்து விட்டுடுவாரு" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். இடுப்பிலிருந்து கழற்றிக் கொடுத்தேன். ஜெயக்குமார் அதை வாங்கி, ஸ்கூட்டர் சாவி மாட்டும் ஆணியில் ஸ்கூட்டர் சாவியோடு சேர்த்து மாட்டினார். ஜன்னல் வழியாக நான் அதைத் தினமும் பார்க்கும்படி ஆனது.

கொத்தளத்தின் மேலே போக எனக்குச் சாவி தேவையில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மிச்சமிருக்கும் மதில் என் வீட்டுக்குப் பின்னால்தான் போகிறது. மொட்டை மாடியிலிருந்து மதில்மேல் காலை வைத்து, பன்னிரண்டு எட்டு நடந்து, கைப்பிடிச் சுவரைத் தாண்டினால் தளம். ஆனால் திருட்டுப் பூனை மாதிரி சுவர் ஏறிப் போவது வேறு, பூட்டைத் திறந்து படியேறிப் போவது வேறு. இந்த வித்தியாசம் உங்களுக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

சாவி போன பிறகு ஒரு நாள் காலை ஐந்தரைக்கு அப்படிச் சுவர் ஏறிப் போனேன். தளத்தின் மேற்கு ஓரத்தில், கைப்பிடிச் சுவரிலிருந்து இரண்டடி உள்ளே, ஓர் அரசங்கன்று முளைத்திருந்தது. நான்கு இலை. பறவை எச்சத்தில் வந்தது, நான் நட்டதல்ல. இதை நீங்கள் அடிக்கோடு போட்டுக்கொள்ளலாம். கல்லூரியில் என் முக்கியமான வேலையே பழைய சுவர்களில் முளைக்கும் அரசைக் கொல்வதுதான். நான்கு இலை இருக்கும்போதே வேரோடு பிடுங்கி, துளையில் மயில்துத்தத்தை வைத்து, சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிட வேண்டும். இருபத்தெட்டு வருடத்தில் ஆயிரம் கன்றுகளாவது கொன்றிருப்பேன். அன்றைக்கும் கை தானாகப் போனது. பிறகு கையை எடுத்துக்கொண்டேன். கீழே எட்டிப் பார்த்தேன். நேர் கீழே ஜெயக்குமாரின் பின்னறைக் கூரை.

மறுநாள் காலை ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுபோனேன்.

அரசு வெளியே வளர்வதைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்குக் கட்டடம் தெரியாது. அதன் வேர் முகப்புக் கல்லுக்கும் உள்ளே இருக்கும் மண்ணுக்கும் நடுவில் இறங்கும். நூல் மாதிரி இறங்கி, விரல் மாதிரி ஆகி, தொடை மாதிரி ஆகும். கல்லை வெளியே தள்ளும். அது தள்ளிய சந்தில் மழைத் தண்ணீர் இறங்கும். அப்புறம் ஒரு பெரிய மழை போதும். எப்போது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. நான் பொறுமைக்காரன். யாரையும் சாகடிக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை. சுவரில் விரிசல் கண்டால் பயந்துகொண்டு வீட்டைக் காலி செய்வார்கள், சாவி தன்னால் திரும்பி வரும், அவ்வளவுதான் நினைத்தேன்.

மூன்று வருடத்தில் மரம் என் உயரத்துக்கு மேல் போய்விட்டது. இனி யார் கண்ணிலாவது படும், துறைக்காரர்கள் வெட்ட ஆள் அனுப்புவார்கள். அதற்கும் ஒரு வழி எனக்குத் தெரியும். அரசுக்கு ஒரு மஞ்சள் கயிறு சுற்றி, குங்குமம் வைத்துவிட்டால் போதும், திருச்சி ஜில்லாவில் எந்தக் கூலிக்காரனும் அதில் அரிவாள் வைக்க மாட்டான். கல்லூரியில் பலமுறை இதனால் நான் மல்லுக்கட்டியிருக்கிறேன். எவ்வளவு சொன்னாலும் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். 2015 ஆடியில் ஒரு காலை நானே கயிறு கட்டினேன். குங்குமத்தை இரண்டு நாள் பழையதாகத் தெரியும்படி கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தேய்த்தேன்.

அன்றைக்கே குழாயடியில் ஜோதியைப் பார்த்தேன். ஜெயக்குமாரின் மனைவி. ஸ்ரீரங்கத்தில் பிறந்து வளர்ந்தவள், வெள்ளிக்கிழமை தவறாமல் தாயார் சன்னதிக்குப் போய்வருவாள். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை. என்னிடம் மரியாதையாகப் பேசும் பெண். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது.

"ஏம்மா, அவ்ளோ தூரம் பஸ் ஏறிப் போறியே. ஒன் தலைக்கு மேலயே தானா மொளைச்ச அரசு நிக்குதே" என்றேன்.

"மேலயா மாமா? நான் பாத்ததே இல்லையே."

"சாவி ஒங்க வீட்லதானம்மா இருக்கு."

அந்த அமாவாசையிலிருந்து அவள் படியேறிப் போக ஆரம்பித்தாள். மரத்தைச் சுற்றிவந்து ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுவாள். நான் ஐந்தரைக்கு ஒரு செம்பு, அவள் ஏழு மணிக்கு ஒரு செம்பு. பேப்பர்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. அவள் ஊற்ற ஆரம்பிக்கும்போதே வேர் ஆறடி கீழே போயிருந்தது. அந்த வேலை முழுக்க என்னுடையது. செத்துப்போனவள் தலையில் இதைக் கட்டுவது நியாயமில்லை.

இரண்டு வருடத்தில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பவித்ரா என்று பெயர் வைத்தார்கள். முதல் சர்க்கரைப் பொங்கல் எனக்குத்தான் வந்தது. நான் பொய் சொல்லி அவளை மரத்திடம் அனுப்பவில்லை பாருங்கள். நான் சொன்னது பலித்தது.

2019-இல் துறையிலிருந்து பிரான்சி என்ற இளம் பொறியாளர் ஆறு ஆட்களோடு வந்தார். மரத்தை எடுத்துவிட்டு விரிசலை அடைக்க வேண்டும் என்றார். ஆட்கள் மேலே போய்க் கயிற்றைப் பார்த்ததும், நான் நினைத்தபடியே, இறங்கி வந்து ஓரமாக நின்றுகொண்டார்கள். ஜெயக்குமார் இரண்டு வயதுக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"இந்தப் புள்ளைய எங்களுக்குக் குடுத்ததே அந்த மரந்தான் மேடம். அதுல அரிவாள் வெக்கணும்னா மொதல்ல என் கழுத்துல வைங்க."

பிரான்சி என் பக்கம் திரும்பினார். பாவம், அவருக்கு நான் ஒருவன்தான் படித்த ஆளாகத் தெரிந்திருக்கிறது. "சார், நீங்க ஓவர்சியரா இருந்தவங்க. வேர் உள்ள போனா என்ன ஆகும்னு நீங்களே இவங்களுக்குச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

உண்மைதான், நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார்கள். "சாமி சமாச்சாரம்மா. இதுல நான் என்ன சொல்றது?" என்றேன்.

அவர்கள் போனதும் ஜெயக்குமார் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. "ஒங்களப் போயி அன்னிக்குப் பத்துப் பேர் முன்னாடி கிண்டல் பண்ணிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க சார்" என்றார். ஏழு வருடம் கழித்து வந்த வார்த்தை. நான் சிறிது நேரம் காத்திருந்தேன். கையைக் கொடுத்தவர் சாவியைக் கொடுக்கவில்லை. அந்த நிமிஷம் அவர் ஜன்னலுக்குள் கைவிட்டு அந்த ஆணியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்திருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். இதைப் பற்றி அவர் யோசித்துப் பார்த்திருக்கிறாரா என்று தெரியவில்லை.

பிரான்சி மேலிடத்துக்குக் கடிதம் எழுதியதாகச் சொன்னார்கள். ஒன்றும் நடக்கவில்லை. இப்போது அவரைத்தான் சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். தன் வேலையை ஒழுங்காகச் செய்தவர் அவர் ஒருவர். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

விரிசல் ஓடுகிறதா நிற்கிறதா என்று பார்க்க எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையிலும் சிமெண்ட் பூசிவிடுவோம். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். 2021-இல் தளத்தின் மேற்கு ஓரத்தில் மூன்று கண்ணாடி ஒட்டினேன். போன வருட மழையில் இரண்டு உடைந்தன. இந்த வருடக் கார்த்திகையில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூன்றாவதும் உடைந்திருந்தது. உடைந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்துக்கொண்டேன். ஜோதி வெறுங்காலோடு சுற்றுகிறவள், காலில் குத்திவிடும்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. ஆறு மணிக்கு மேலே போனேன். செம்பு எடுத்துப் போகவில்லை, ஒரு பழைய சாக்கு எடுத்துப் போனேன். தளத்துத் தண்ணீர் வெளியே போக மேற்குப் பக்கம் ஒரு கல் தூம்பு உண்டு. அதில் சாக்கைச் சுருட்டி அடைத்தேன். பதினோரு வருடத்தில் தண்ணீர் ஊற்றியதைத் தவிர நான் கூடுதலாகச் செய்தது அது ஒன்றுதான். மதியத்துக்குள் தளம் தெப்பக்குளம் மாதிரி நின்றது. என் மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன்.

நான் கணித்தது இரவு ஏழு மணி. ஜெயக்குமார் ஆறரைக்குக் கடையிலிருந்து வந்து பின்னறையில் டி.வி. போட்டுக்கொண்டு உட்காருவார். வியாழக்கிழமைகளில் தாயும் மகளும் ஆறிலிருந்து எட்டு வரை பாட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள். அன்று மழைக்காகப் பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டிருந்தார்கள். பாட்டு வகுப்பும் இருக்காது என்பது எனக்கு ஏனோ தோன்றவில்லை.

இரண்டரை மணிக்கு நான் வாசலில் நின்றேன். எதிர் ஜன்னலில் பவித்ரா நின்றுகொண்டிருந்தாள். ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.

"ஓவர்சியர் தாத்தா, எங்க சொவத்துல தண்ணி மஞ்சளா வருது. கல்லு டிக்கு டிக்குங்குது."

தண்ணீர் மஞ்சளாக வந்தால் உள்ளே இருக்கும் மண் கரைகிறது என்று அர்த்தம். அரை மணி நேரம் இருக்கலாம், அதற்கும் குறைவாக இருக்கலாம். ஜோதி உள்ளே ஏதோ வறுத்துக்கொண்டிருந்தாள், வாசனை வந்தது. 'அம்மாவக் கூட்டிக்கிட்டு இங்க ஓடி வா' என்பது ஐந்து வார்த்தை. அது வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள், சாக்கைப் பார்ப்பார்கள், பதினோரு வருட வேலை பாழாகிவிடும்.

"ஜன்னலச் சாத்திக்க கண்ணு, சாரல் அடிக்கும்" என்றேன்.

சாத்திக்கொண்டாள். சொன்னால் கேட்கிற குழந்தை. நான் உள்ளே போய் டீ போட்டேன். மூன்று மணிக்கு ஏழெட்டு நிமிடம் இருக்கும்போது விழுந்தது. நான் எதிர்பார்த்த அளவு சத்தம் இல்லை.

சந்தே திரண்டு வந்து கடப்பாறையும் கையுமாகத் தோண்டியது. ஜெயக்குமார் கடையிலிருந்து ஓடிவந்து வெறுங்கையால் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார். நானும் போனேன். எல்லோரும் பின்னறை இருந்த இடத்தில் தோண்டினார்கள். நான் பொந்து இருந்த கல்லைத் தேடினேன். அது தள்ளி விழுந்து பிளந்து கிடந்தது. பொந்துக்குள் ஒரு சாண் நீளத்துக்குப் பனங்கட்டை, மட்கிப்போய், ஒரு துருப்பிடித்த ஆணியோடு. எடுத்து வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டேன். குண்டு பட்ட பொந்தில் பிற்காலத்தில் யாராவது கட்டையைச் சொருகியிருக்கலாம். அதை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது.

ஐந்தரை மணிக்கு இருவரையும் எடுத்தார்கள். ஜோதி மகளைத் தன் மடிக்குள் இழுத்துக் குனிந்திருந்தாள் என்றார்கள். நான் பார்க்கவில்லை, அப்போது வீட்டில் கட்டையைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஆக, கொத்தளம் மழையால் விழவில்லை, ஜோதியால் விழவில்லை. நான் விழ வைத்தேன். ஜோதியையும் பவித்ராவையும் கொன்றது நான். ஜெயக்குமார் தப்பியது கணக்கு நான்கு மணி நேரம் பிசகியதால். இதில் வேறு யாருக்கும் பங்கு இல்லை. என்னைவிட அந்தக் கொத்தளத்தை நேசித்தவன் இந்த ஊரில் கிடையாது என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன், அதுவும் உண்மைத் தகவல்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் ஜெயக்குமார் என் வீட்டுக்கு வந்தார். ஒரு சுற்று இளைத்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"அதுமேல பிரியம் வெச்ச ஆளு நீங்க ஒருத்தர்தான் சார். இனிமே எனக்கு இது எதுக்கு?" என்றார்.

கிழக்குப் பாதி இன்னும் நிற்கிறது, கதவும் நிற்கிறது. மறுநாள் காலை ஐந்தரைக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். ஏழு படி இருக்கிறது. அதற்கு மேல் வானம். ஏழாவது படியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தேன்.

என்னை உள்ளே அனுப்பும் முன் என்னிடம் இருப்பவற்றைப் பட்டியல் எடுப்பீர்கள். மூக்குக் கண்ணாடி, கைக்குட்டை, பேருந்து அட்டை, துணியில் சுற்றிய ஒரு கட்டை. இவற்றை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். சாவியை மட்டும் என் பெயரில் தனியாகக் குறித்து வையுங்கள் அம்மா, அவர் தானாகத்தான் கொண்டுவந்து கொடுத்தார், நான் கேட்கவே இல்லை.